வேலிக் கிளுவையும் எட்டாயிரம் ரூபாயும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கார் வந்து எங்க வாசல்ல நின்னுச்சு. இறங்கினவர் திருச்சி டவுன்காரர். எங்க திண்ணையோரம் தொட்டியில் இருக்கிற கிளுவையை யாரோ போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பியிருக்காங்க. மனுசன் செருப்பைக் கழற்றிவிட்டு அதைச் சுத்திச் சுத்தி வந்தார். குனிஞ்சு பார்த்தார். அடிமரத்தைத் தடவினார். குடிக்கத் தண்ணி கொடுத்தேன், அதைக்கூட வாங்காம, "எட்டாயிரம் தர்றேங்க, இப்பவே எடுத்துக்கறேன்" என்றார்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. மானாவாரிக் கொல்லையில் உளுந்து போட்டு, பூச்சிக்கும் மயிலுக்கும் கொடுத்தது போக எட்டாயிரம் மிச்சம் பிடிக்கிறது எவ்வளவு பாடுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். நான் தர்றதுக்கில்லைன்னு சொல்லிட்டேன். கார் போயிடுச்சு. அன்னையிலிருந்து வீட்டில் சோறு தட்டுல விழுது, பேச்சு விழல. "ஒரு வேலிக்கட்டைக்கு எட்டாயிரம் வேணாங்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்பதோடு சரி.

அதுக்குப் பதில் நேர்ல சொல்ல முடியல, எழுதிடறேன்.

முதல்ல அந்தக் கட்டை எங்கிருந்து வந்ததுன்னு சொல்லணும். எங்க ஊர் மணிகண்டம் ஒன்றியம். வானம் தெளிவா இருந்தா மாடியில் ஏறினால் வடக்கே மலைக்கோட்டை சின்னதா ஒரு கல்லு மாதிரி தெரியும். எனக்கு இருக்கிறது ஒண்ணே முக்கால் ஏக்கர் கொல்லை. அதோட மேற்கு எல்லையில் ஏறக்குறைய 240 அடிக்கு முள்கிளுவை வேலி இருந்தது. நான் மூணாவது படிக்கும்போது அப்பா போட்டது. கரூர்ப் பக்கம் எங்க அத்தை ஊர்ல காடு முழுக்கக் கிளுவை வேலிதான். அங்கேயிருந்து ஒரு வண்டி போத்து வெட்டிக் கொண்டுவந்தார். வெட்டின போத்தை உடனே நட மாட்டாங்க. நாலைஞ்சு நாள் நிழல்ல போட்டு, வெட்டுவாய் காய்ஞ்ச பிறகு, சித்திரையில் கோடைமழைக்கு முன்னாடி ஒரு சாண் இடைவெளியில் ஊன்றுவாங்க. குறுக்கே ஒரு கழியை வச்சுப் பனைநாரால் கட்டணும். ஒரு மழை விழுந்தால் மூணு மூணு இலையா துளிர்க்கும். மூணு வருசத்துல ஆடு நுழையாது. ஆறு வருசத்துல ஆளே நுழைய முடியாது.

இப்ப இருக்கிற பிள்ளைங்களுக்குக் கிளுவைன்னா தெரியறதில்லை. பட்டை காகிதம் மாதிரி உரிஞ்சு உரிஞ்சு வரும், உரிச்சா உள்ளே பச்சை. கோடையில் இலையை முழுக்கக் கொட்டிட்டு, செத்த மாதிரி நிக்கும். கிளையை ஒடிச்சா ஒரு வாசனை அடிக்கும் பாருங்க, பிசினும் வரும். வேதக்கோயில்ல கிறிஸ்துமஸுக்கு மூணு ராஜாக்கள் கொண்டு வந்ததாச் சொல்ற வெள்ளைப்போளம் இருக்கே, அதுவும் இந்தக் கிளுவைக்குப் பங்காளி மரத்துல வர்ற பிசின்தான். பாலைவனத்துப் பங்காளி. நம்ம ஆளு வேலியில் நின்னுக்கிட்டு ஆட்டுக்குத் தழை போட்டுக்கிட்டிருந்தான்.

வேலின்னா வெறும் முள் இல்லை. எங்க வீட்டுக்குப் பாதிக் கறி அதுலதான் வந்தது. கோவைக்காய், பிரண்டை, முடக்கத்தான் எல்லாம் அது மேல படர்ந்திருக்கும். அம்மாவுக்கு மூட்டுவலின்னா முடக்கத்தான் தோசை, நாக்கு செத்துப்போச்சுன்னா பிரண்டைத் துவையல். அடியில் கவுதாரி முட்டை வைக்கும். கீரி ஒண்ணு குடும்பத்தோட இருந்தது. பங்குனியில் இலை இல்லாதப்ப அப்பா வாங்கறுவாளை எடுத்துக்கிட்டு வேலியைக் கழிப்பார். வருசா வருசம், அதே உயரத்துல.

அந்த வேலியை எடுத்தது ரெண்டு வருசம் முன்னாடி. பக்கத்து நிலம் பிளாட் ஆயிடுச்சு. அளந்து கல்லு ஊன்றினாங்க. வாங்கினவங்க கம்பிவேலி போடணும், கிளுவை ரெண்டு பக்கமும் இடத்தை அடைக்குது, பாதிச் செலவு நாங்க தர்றோம் என்றாங்க. யாரையும் குத்தம் சொல்றதுக்கில்லை. சரின்னு தலையாட்டினது நான்தான். வேலி கழிக்க ஆள் கிடைக்கறதில்லை, கிடைச்சாலும் கூலி கட்டுப்படியாகலை, எனக்கும் முதுகுவலி. அப்பா ஒரு சித்திரை முழுக்க ஊன்றினதை ஜேசிபி முக்கால் மணி நேரத்துல பிடுங்கிப் போட்டுச்சு.

நான் நாலு கட்டையை மட்டும் ஒதுக்கச் சொன்னேன். ஜேசிபி ஓட்டுற தம்பி சிரிச்சான். "என்னண்ணே, அடுப்புக்குக்கூட ஆகாதே, இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

என்ன பண்ணப் போறேன்னு எனக்கும் சரியாத் தெரியாது. என் அக்கா மகன் போன்ல ஒரு வீடியோ காட்டியிருந்தான். இங்கிலாந்துல ஒருத்தர் பழைய வேலியைத் தோண்டுறார். அங்கே வேலிக்கு ஹனிசக்கிள்னு ஒரு புதர் வைக்கிறாங்க. அதுல பூவுக்காக வளர்க்கிற கொடி வகை வேற. இது சீனாவிலிருந்து போன குத்துச்செடி, இலை நம்ம துளசி விதைக்கதிர் மாதிரி சின்னச் சின்னதா அடுக்கா இருக்கும். வருசா வருசம் கத்திரி போட்டுப் போட்டு அடிக்கட்டை முறுக்கேறிக் கிடக்கு. வேலி வேண்டாம்னு தோண்டி எறியறதை இவங்க கேட்டு வாங்கிட்டுப் போய்த் தொட்டியில் வச்சு, கிளையைக் கழிச்சு, கம்பி சுத்தி, நூறு வருச மரம் மாதிரி ஆக்கிடறாங்க. போன்சாய். "மாமா, நம்ம கிளுவையும் இப்படித்தானே இருக்கு" என்றான். அந்த ஒரு வார்த்தைதான்.

செஞ்சதைச் சொல்றேன். செய்யறவங்களுக்கு உதவும்.

ஜேசிபி இழுத்ததுல வேரெல்லாம் நார் நாராக் கிழிஞ்சிருந்தது. ரம்பத்தால் சுத்தமா அறுத்து, அடுப்புச் சாம்பல் தடவி, மாட்டுக்கொட்டகை நிழல்ல ஒரு வாரம் போட்டேன். பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியா அறுத்து அடியில் ஓட்டை போட்டு, செங்கலை உடைச்சுச் சலிச்ச சல்லி ரெண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கின சாணி கொஞ்சம். தூளை எல்லாம் சலிச்சு எறிஞ்சிடணும், இல்லைன்னா தண்ணி நிக்கும். கிளுவைக்குத் தண்ணி இல்லாமப் போனா ஒண்ணும் ஆகாது, நின்னாத்தான் அழுகும். நாப்பது நாள் ஒரு அசைவும் இல்லை. இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. மத்த மரம்னா நகத்தால் சுரண்டிப் பார்த்து, பச்சை இருந்தா உயிர் இருக்குன்னு சொல்லலாம். கிளுவை செத்த பிறகும் மாசக்கணக்கில் பச்சையாவே இருக்கும். பச்சையைப் பார்த்து நம்பி நானும் ஆவணி வரைக்கும் மூணு பிணத்துக்குத் தண்ணி ஊத்தினேன்.

ஆமா, நாலுல மூணு போயிடுச்சு. தழைச்சது ஒண்ணு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வர்றேன்.

பிழைச்சது வாசப்படலுக்குப் பக்கத்துல நின்ன கட்டை. கொல்லைக்குப் போகும்போதும் வரும்போதும் எங்க ஆடுங்க ஒரு வாய் கடிச்சிட்டுத்தான் போகும். அதனால அது உயரமே போகலை, ரெண்டடிக்குள்ள தொடை தடிமன் வந்து முடிச்சு முடிச்சா நின்னுச்சு. ஜப்பான்ல மலைப்பாறையில் காத்தும் பனியும் அடிச்சுக் குறுகின மரத்தைத்தான் தேடித் தோண்டுவாங்களாம். இங்கே அந்த வேலையை ஆடு பார்த்திருக்கு.

முதல் வருசம் கத்தியே வைக்கலை. ரெண்டாம் வருசம் பங்குனியில் இலை கொட்டின பிறகு முன்னால உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் முகம்னு முடிவு பண்றதுக்கே மூணு நாள் ஆச்சு. வேர் அகலமா மண்ணைப் பிடிச்சிருக்கிற பக்கத்தை முன்னுக்கு வச்சேன். நடுவுல கை தடிமன்ல ஒரு கிளை நேரா மேல போச்சு, அதை அறுத்தேன். அறுக்கும்போது வயிறு கலங்கிச்சு, நிஜமாத்தான் சொல்றேன். மிச்சம் அஞ்சு கிளை. ஜப்பான் பைன் மாதிரி கூம்பா ஆக்கணும்னு எனக்குத் தோணலை. எங்க ஏரிக்கரையில் ஒரு வேம்பு நிக்குது, மேற்குக் காத்துல கிழக்கே சாய்ஞ்சு குடை விரிச்ச மாதிரி. அந்தச் சாயல் வரணும்னு வச்சுக்கிட்டேன்.

கம்பிதான் என்னைக் கெடுத்தது. அலுமினியக் கம்பி விலை கேட்டுட்டு, கட்டட வேலைக் கட்டுக்கம்பியைச் சுத்திட்டேன். ஐப்பசி மழையில் கிளை ஊதி, கம்பி பட்டைக்குள்ள இறங்கிடுச்சு. அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. இப்ப மோட்டார் காயில் கட்டுற கடையில் எரிச்சுப்போட்ட பழைய செம்புக் கம்பி வாங்கி வச்சிருக்கேன், மெத்துனு வளையுது. முதிர்ந்த கிளைக்கு அதுவும் கூடாது, கிளுவை மெதுமரம், பட்டுனு ஒடியும். நூல்ல கல்லைக் கட்டித் தொங்கவிட்டா தானாத் தணியும். தொட்டியும் கடையில் வாங்கலை. மணல்ல குழி பறிச்சு சிமெண்ட் ஊத்தி நானே போட்டேன். கொஞ்சம் கோணல்.

அடிக்கட்டையில் சின்னச் சின்ன வட்டத் தழும்பு நிறைய இருக்கு. கார்க்காரர் அதைத்தான் தடவித் தடவிப் பார்த்தார். "எவ்வளவு இயற்கையா இருக்கு பாருங்க" என்றார். இயற்கை இல்லைங்க, அது எங்கப்பா வாங்கறுவா பட்ட இடம்.

சரி, இப்ப விசயத்துக்கு வர்றேன்.

போன்சாய்னாலே மரத்தைச் சித்திரவதை பண்றதுன்னு சொல்றவங்க உண்டு. எங்க பங்காளிப் பையன் ஒருத்தன், மரத்தைக் கூண்டுல அடைச்சிட்டீங்களே பெரியப்பான்னான். எனக்கு அது ஒப்பலை. முருங்கையை வெட்டி விடறோம், மல்லிகையைக் கவாத்து பண்றோம். எட்டரை, கோப்புப் பக்கம் பூக்காரங்களைக் கேளுங்க, வெட்டலைன்னா பூ எங்கேம்பாங்க. வெட்டுறது கொடுமை இல்லை. தொட்டியில் வச்சிட்டு, சித்திரை வெயில்ல கல்யாணத்துக்குப் போறேன்னு நாலு நாள் மறந்துட்டுப் போறதுதான் கொடுமை. கிளுவையாவது தாங்கும், வேற மரம் போயிடும்.

அமெரிக்காவுல வாஷிங்டன் நகரத்துத் தேசிய மரத்தோட்டத்துல ஒரு ஜப்பான் வெள்ளைப் பைன் இருக்கு. 1625லேருந்து தொட்டியில் வளர்ந்ததுன்னு கணக்கு. ஹிரோஷிமாவுல யமாகிங்கிற குடும்பம் தலைமுறை தலைமுறையா வச்சிருந்தது. 1945 ஆகஸ்ட் 6ந்தேதி அணுகுண்டு விழுந்தப்ப, விழுந்த இடத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர்ல, ஒரு மதிலுக்குப் பின்னால நின்னு அது பிழைச்சது. 1976ல் அதை அமெரிக்காவுக்கே பரிசாக் கொடுத்தாங்க. குண்டுல தப்பிச்ச மரம்ங்கிற கதை 2001ல் பேரப்பிள்ளைங்க வந்து சொன்ன பிறகுதான் அங்கே இருக்கிறவங்களுக்கே தெரிஞ்சுது. கிட்டத்தட்ட 400 வருசம் யாரோ ஒருத்தர் தினமும் தண்ணி ஊத்தியிருக்காங்க. அதைக் கொடுமைன்னு என்னால சொல்ல முடியலை. எனக்கப்புறம் என் பையன் ஊத்துவானான்னு கேட்டா, அவன் திருப்பூர்ல இருக்கான், பதில் தெரியலை.

ஆனா தோண்டுறது வேற சங்கதி. கார்க்காரர் போறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு கேட்டார். "இதைக் கொடுக்கலைன்னா போகட்டும். இதே மாதிரி கட்டை இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும்? பச்சைமலை, கொல்லிமலைப் பக்கம் ஆள் வச்சுத் தோண்டித் தருவாங்களா? நல்ல விலை தரலாம்." அதுலதான் எனக்குச் சுருக்குனு பட்டுச்சு.

நான் இதை எட்டாயிரத்துக்குக் கொடுத்தேன்னு வைங்க. சாயங்காலம் டீக்கடைக்குச் சேதி போயிடும். எங்க ஊர்ல இன்னும் ஏழெட்டுக் கொல்லையில் கிளுவை வேலி நிக்குது. கிழவங்க வச்சிருக்கிறது. எட்டாயிரம்னு தெரிஞ்சா ஒரே வாரத்துல கடப்பாரையோட பசங்க இறங்கிடுவாங்க. ஒரு கட்டை விக்கும். அதுக்காகத் தோண்டினதுல எத்தனை சாகும்? எனக்கு நாலுக்கு மூணு. அம்பது வருசமா கிளுவையோட பழகின எனக்கே மூணு. கண்காட்சியில் ஒரு மரத்தை விளக்குப் போட்டு வைக்கிறாங்க, பக்கத்துல செத்த மூணையும் வச்சா நல்லா இருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு.

மலையில் தோண்டுறதுன்னா அது திருட்டுதான். காப்புக்காட்டுல கைவைக்கக் கூடாதுன்னு 1882லேயே சட்டம் போட்டாச்சு. சட்டத்தை விடுங்க. பாறை இடுக்குல அம்பது வருசம் நின்ன புதரைப் பிடுங்கினா, அந்த இடுக்குல மண்ணும் தங்காது, அடுத்த விதையும் தங்காது.

நம்ம ஊருக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. திருவானைக்காவல்ல வெண்நாவல் இருக்கு. ஜம்புகேஸ்வரர்னு சாமிக்குப் பேரே அந்த நாவலை வச்சுத்தான். ஸ்ரீரங்கத்துல சந்திரபுஷ்கரணிக் கரையில் புன்னை. மரம் இடைஞ்சலா இருக்குன்னு தள்ளி வைக்கலை. மரம் எங்கே நின்னுச்சோ அங்கேயே கோயிலும் மதிலும் சுத்தி வந்துச்சு. இன்னைக்கு ரோடு அகலப்படுத்தணும்னா புளியமரம் போகுது, பிளாட் போடணும்னா வேலி போகுது. என் வேலியை நானே எடுத்தவன், பெருசாப் பேச எனக்கு வாய் இல்லை. ஆனா நான் எடுத்தது போகப்போற கட்டையை. இருக்கிற வேலியைக் காசுக்காகத் தோண்டுறது அதே காரியம் இல்லை.

ஆசை இருக்கிறவங்க செய்யட்டும், வேண்டாம்னு சொல்லலை. திருச்சியில் வீடு இடிக்கிற இடத்துக்குப் போங்க. பழைய சுவத்துல ஆலும் அரசும் இத்தியும் காரையைப் பிளந்துக்கிட்டு நிக்கும். காக்கா எச்சத்துல முளைச்சது, எப்படியும் வெட்டி எறியத்தான் போறாங்க. வீட்டுக்காரரைக் கேட்டா சந்தோசமாக் கொடுப்பார். கோயில் மதில்ல இருக்கிறதுல மட்டும் கை வைக்காதீங்க, அது அவங்க திருப்பணியில் எடுக்கிற முறையில் எடுக்கட்டும். இல்லைன்னா சீமைக்கருவேலத்தைத் தோண்டுங்க. ஏரி ஏரியாக் கிடக்கு, ஊரே உங்களைக் கும்பிடும். அதுலயும் அடிக்கட்டை அருமையா முறுக்கியிருக்கும். என்ன, முள்ளு குத்தினா ரெண்டு நாளைக்கு வலி விடாது. அதை யாரும் கேட்டு வர்றதில்லை பாருங்க, கிளுவைன்னாத்தான் கார் வருது.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு சேதி சொல்லணும், இதைப் படிக்கப் போறதில்லை, மருமகன்தான் படிச்சுக் காட்டணும். அன்னைக்கு ஜேசிபி பிடுங்கிப் போட்டதுலேருந்து அறுபது போத்து வெட்டித் தெற்கு வரப்புல ஊன்றினேனே, எல்லாரும் சிரிச்சீங்க. நாப்பத்தொண்ணு தழைச்சிருக்கு. நேத்து எண்ணிப் பார்த்தேன். அதுல ரெண்டுல கோவை ஏறியிருக்கு, நான் வைக்கலை, தானா வந்தது. எட்டாயிரத்துக்கு அது ஈடு இல்லைதான். உளுந்து பணம் வந்ததும் நீ கேட்ட மிக்சியை வாங்கிடலாம்.

மத்தவங்களுக்கு: கட்டை கேட்டு வராதீங்க. போத்து வேணும்னா பங்குனிக் கடைசியில் புது வேலியை முதல் தடவை கழிப்பேன், அப்ப வாங்க. ஆளுக்குப் பத்துப் போத்து சும்மாவே தர்றேன். சாக்கு நீங்க கொண்டு வரணும். நிழல்ல நாலைஞ்சு நாள் போட்டு வச்சு நடுங்க, அவசரப்படாதீங்க.